ஓஆர்எஸ் பாக்கெட்: எதை வாங்குவது, எவ்வளவு தண்ணீரில் கலக்குவது

பிள்ளைக்கு வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், நம்ம திருநெல்வேலிப் பக்கம் முதலில் கேட்பது "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார்" என்பதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. ஓஆர்எஸ் எனும் உப்பு, குளுக்கோஸ் கலந்த வாய்வழிக் கரைசலையும் டிரிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2006-ல் தொகுத்துப் பார்த்ததில், கரைசல் குடித்த 25 பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் அது போதாமல் டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் சரியான பாக்கெட்டை வாங்கிச் சரியாகக் கலக்கினால்தான் இந்தப் பலன்.

வாங்க வேண்டியது ஒரு லிட்டருக்கான பொடிப் பாக்கெட். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. இந்த நான்கும் இதே அளவில் இருந்தால் எந்தக் கம்பெனியானாலும் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவதும் இதுதான். காசு கொடுத்து வாங்குவதற்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. பழைய கலவையில் லிட்டருக்கு சோடியம் 90 மில்லிமோல், கரைந்த பொருள்களின் மொத்த அடர்த்தி 311. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002-ல் அதை 75, 245 என்று குறைத்தன. அடர்த்தி குறைந்த கரைசலைக் குடித்த பிள்ளைகளுக்கு வாந்தியும் குறைந்தது, டிரிப் ஏற்ற வேண்டிய தேவையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

200 மில்லி சின்னப் பாக்கெட்டும் நல்லதுதான். வம்பு எங்கே வருகிறது என்றால், ரெண்டும் வீட்டில் கிடக்கும்போது பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டிவிடுகிறார்கள். சோடியம் ஐந்து மடங்காகி 375-ஐத் தொடும். கடல்தண்ணீரின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேல். ரத்தத்தில் உப்பு ஏறிப் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். பாதிப் பொடியை இப்போது, மீதியை ராத்திரிக்கு என்று பிரிப்பதும் வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் பாக்கெட்டுக்குள் சமமாகக் கலந்திருக்காது.

தம்ளர் கணக்கை நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே நல்ல அளவை. தாமிரபரணித் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறவிட்டு அளந்து, பொடி முழுவதையும் போட்டுக் கரையுங்கள். கரைத்த பிறகு சுடவைக்கக் கூடாது. சீனி, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். பொடி கட்டிதட்டிப் பழுப்பாகியிருந்தால் அந்தப் பாக்கெட்டே வேண்டாம்.

"குடிச்சதும் கக்கிட்டான்" என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பால் பாட்டிலில் ஊற்றி மடமடவென்று கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ரெண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. கண் குழிந்து, தாகமாய் இருந்தால் நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. பத்து கிலோ பிள்ளைக்கு 750. இதை டாக்டர் அல்லது நர்ஸ் பார்வையில் செய்வது நல்லது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

வாந்தி அடங்காவிட்டால் ஒண்டன்செட்ரான் என்ற வாந்தி மருந்து ஒரே ஒரு வேளை உதவும். சிகாகோ அவசரப் பிரிவு ஒன்றில் 215 பிள்ளைகளிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், டிரிப் தேவைப்பட்டவர்கள் 31 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தார்கள். எடை பார்த்து டாக்டர் தர வேண்டியது அது, மெடிக்கலில் கேட்டு வாங்குவதல்ல.

டெட்ரா பாக்கெட்டில் கலந்தே வருவதில் மேலே சொன்ன கலவை இருந்தால், குற்றாலத்துக்கோ காரையாறுக்கோ போகும்போது கைக்கு வசதி. விலைதான் பல மடங்கு. பழ வாசனையோடு ஓஆர்எஸ் என்று பேர் போட்டு விற்ற பானங்கள் வேறு கதை. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரைத் தடை செய்தது சரியான முடிவு. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும், தண்ணீர் பின்னால் போகும். சீனி மிஞ்சினால் தண்ணீர் குடலுக்குள் திரும்பி இழுக்கப்பட்டுப் பேதி கூடும். வயிற்றுக்கு நல்லது என்று கலர் சோடாவும் பதநீரும் கொடுப்பதிலும் இதே கோளாறுதான். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சி எவ்வளவோ மேல்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, ஆறு மாத வயதுக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, பேதியில் ரத்தமோ வாந்தி பச்சையாகவோ வந்தாலோ, ஆறேழு மணி நேரமாக ஒன்னுக்குப் போகாவிட்டாலோ பாக்கெட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். முழிப்பாக இருந்து விழுங்க முடிகிற பிள்ளைக்கு வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போகலாம்.