வகிடு அகலமாகிறவர்களே, ஒட்டுமுடி விற்கும் சலூன்களிடம் உஷார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் பெண்களுக்கும், சொட்டையை மறைக்கத் தலையில் பேட்ச் ஒட்டிக்கொள்ளும் ஆண்களுக்கும் இந்தப் பதிவு. சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சலூனில் 6,500 ரேண்ட் கொடுத்து ஒட்டுமுடி வைத்து, இருந்த முடியையும் இழந்து நிற்கிறேன்.

எனக்குப் பரம்பரை முடி உதிர்வு. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் போலவே நடுவகிடு அகலமாகிக்கொண்டே போகும், முன்நெற்றி ஓரம் மட்டும் அப்படியே இருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இதை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

தோல் டாக்டர் சொல்லி, முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் போடத் தொடங்கியிருந்தேன். அதைப் போட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி விழுந்து புதுசு கிளம்பும் நேரம் அது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். சலூன்காரர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். "அந்த மருந்துதான் சிஸ்டர் உங்க முடியைக் கொட்ட வைக்குது, நிறுத்திடுங்க. நாங்க முடி ஒட்டிவிட்டா உங்க முடிக்கு ரெஸ்ட் கிடைக்கும், வேர் பலமாகும்" என்றார். மருந்து தடவினால் பசை நிற்காது, அதனால்தான் எல்லாரையும் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்ணே பிறகு என்னிடம் சொன்னாள். மினாக்ஸிடிலை நிறுத்தினால், அதனால் வளர்ந்த முடியும் சில மாதங்களில் போய்விடும். அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மெலிந்த முடியில் கனமான கற்றையைத் தொங்கவிட்டால் வேர் எப்படிப் பலமாகும்? பாட்டிமார் வைத்த சவுரியையாவது ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். இது தூங்கும்போதும் இழுக்கும். முதல் வாரமே காதுக்கு மேலே விண்விண் என்று வலி, சின்னச் சின்னக் கொப்புளம். போன் செய்தால், "செட் ஆகிறவரைக்கும் அப்படித்தான், பனாடோ வலி மாத்திரை போடுங்க." அப்புறம் முடி வளர்ந்து பிடி தளர்ந்துவிட்டது, மேலே ஏற்றி இறுக்க வேண்டும் என்று தனியாக 900 ரேண்ட்.

இறுக்கத்தால் வலியும் கொப்புளமும் வந்தவர்களுக்கு முடி இழப்பு அபாயம் அதிகம். கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோவின் ஆய்வுகள் இந்த நாட்டிலேயே இதைக் காட்டியிருக்கின்றன. முடியை நேராக்க ரிலாக்ஸர் போட்டவர்களுக்கு இன்னும் மோசம்.

கழற்றிப் பார்த்தால் இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் பட்டை பட்டையாக வெறும் தோல். சலூனின் பதில்: "உங்களுக்குத்தான் பரம்பரை வழுக்கை இருக்கே மேடம்." எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான். ஏற்கெனவே கொட்டும் தலையாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள், என்ன நடந்தாலும் பழி நம் பரம்பரைக்கே போகட்டும் என்று.

டாக்டர் கருவி வைத்துப் பார்த்து அதை ஒரே நிமிடத்தில் உடைத்தார். கற்றை ஒட்டிய வரிசை எதுவோ அதே வரிசையில்தான் முடி போயிருக்கிறது. நெற்றி ஓரத்தில், கற்றைக்குள் சிக்காத பூனைமுடி மட்டும் மெல்லிய கரையாக மிஞ்சியிருக்கிறது. மிச்ச முடிகளைச் சுற்றி வெள்ளைக் குழல்போல் ஒட்டியிருப்பது, இழுவை நடந்ததற்கு அடையாளம். பரம்பரை உதிர்வு வகிட்டில் இருக்கும், இப்படிக் கோடு போட்டுக்கொண்டு வராது. கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் இந்தக் கடிதத்தை வாங்குங்கள்.

பொட்டுப் பக்கம் மெல்ல முளைக்கிறது. இடது காதுக்கு மேலே ஒரு இடத்தில் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. முடிவேர் தழும்பாகிவிட்டது, அங்கே இனி வராது என்றார். மினாக்ஸிடிலை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

பணத்துக்குப் போனபோது நான் கையெழுத்திட்ட தாளை நீட்டினார்கள், பொடி எழுத்தில் "முடி இழப்புக்குப் பொறுப்பல்ல." 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி, அப்படிப்பட்ட வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும், நம் கவனத்துக்கும் கொண்டுவர வேண்டும். சேவை தரமில்லை என்றால் குறையைச் சரிசெய்ய அல்லது பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தர 54-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, டாக்டர் கடிதத்தையும் சேர்த்து எழுதிய பிறகே பாதிப் பணம் வந்தது. மீதிக்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்படி எங்காவது முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்களா? சரி, இன்றைக்கே எழுத்தில் ரத்து செய்யுங்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முன்பதிவை ரத்து செய்யும் உரிமை நமக்கு உண்டு. நியாயமான ஒரு கட்டணம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.