காட்பாடியில் ஒரு விண்ணப்ப வழிகாட்டி நிலையம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

தகவல்தொடர்பும் பண்பாடும் பற்றிய முதுகலைப் படிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்க முடிவு செய்தபோது, வேலூரில் அதைப் பற்றி விசாரிக்கவே எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பொறியியலுக்கும் எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் வழிகாட்டும் நிலையங்கள் ஏராளமாக இருக்கின்றன. தெருக்கூத்தை ஆராய விரும்புகிறேன் என்று சொல்பவரை உட்காரவைத்துப் பேசும் இடம் அரிது. காந்தி நகரில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய நிலையம் என்னைச் சேர்த்துக்கொண்டது. அங்கே நான்கு மாதங்கள் பெற்ற சேவையைப் பற்றி, இதே துறைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம் பகுதி மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆவண வேலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம் என்பதால், டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்புக்கு எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை பல பல்கலைக்கழகங்கள் பேராசிரியருக்கே மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புகின்றன என்பதும், கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதே நல்லது என்பதும் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் நான் எழுதிய கட்டுரைகளையும் செய்த களப்பணியையும் ஒரே பக்கத்தில் தொகுத்துப் பேராசிரியரிடம் கொடுக்கச் சொன்னார்கள். பல மாணவர்களுக்கு நடுவே என்னை அவர் தெளிவாக நினைவுகூர்ந்து எழுத அந்தப் பக்கம் உதவியது. சி.வி. தயாரிப்பும் ஒழுங்காகவே இருந்தது.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பதாரர் விளக்கும் நோக்க அறிக்கையில்தான் (Statement of Purpose) பெரும் ஏமாற்றம். தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் தயாராக ஓர் அறிக்கையைக் கொடுத்தார்கள். சிறு வயதிலிருந்தே ஊடகத்தின்மீது எனக்குத் தீராத ஆர்வம் என்று அது தொடங்கியது. தரவு அறிவியலுக்கு விண்ணப்பித்த என் தோழியின் அறிக்கையிலும் துறையின் பெயர் மட்டும் மாறி அதே வாக்கியம் இருந்தது. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகமும் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகமும் நான் விண்ணப்பித்த படிப்பைக் கூட்டாக நடத்துகின்றன. இரண்டாவது பல்கலைக்கழகம் ரயர்சன் என்ற பழைய பெயரை 2022இல் விட்டுவிட்டது. எனக்குக் கிடைத்த அறிக்கையில் அந்தப் பழைய பெயர்தான் இருந்தது. யார்க்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை அப்படியே அனுப்பியிருந்தால், படிப்பைப் பற்றி எதுவும் படிக்காமல் விண்ணப்பித்தவள் என்றே தேர்வுக்குழு என்னை எண்ணியிருக்கும்.

இந்த நிலையத்தை நான் முழுவதும் ஒதுக்காததற்குக் காரணம் அங்கே சனிக்கிழமைகளில் வரும் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். மாணவர் எழுதிய வரைவை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பதே அவர் செய்யும் வேலை. திமிரிக்குப் பக்கத்தில் என் பாட்டியின் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்தைப் பற்றி நான் பொதுவாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "ஏம்மா, படுகளத்தன்னைக்கு நீ எங்க நின்னுக்கிட்டிருந்த?" என்று கேட்டார். படுகளம் என்பது துரியோதனன் வதத்தை நடத்திக்காட்டும் நிகழ்ச்சி. மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் கால்மாட்டில், கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் நின்றேன் என்று சொன்னேன். "அத எழுதும்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் என் ஆய்வுக் கேள்வி உருவானது. தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து ஊர்ச் செய்தியைச் சொல்லிச் சிரிக்க வைப்பவன். அதே இரவுக் கூத்து கைபேசி வழியாக நேரலையில் போய், வேலைக்காகப் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் ஊர்க்காரர்களைச் சேரும்போது அவன் யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பதை அறிய விரும்புகிறேன். டொராண்டோ படிப்பு ஊடகமும் பண்பாடும், அரசியலும் கொள்கையும், நடைமுறையில் தொழில்நுட்பம் என்று மூன்று பிரிவுகளாக இருப்பதால், எந்தப் பிரிவில் இந்தக் கேள்வி பொருந்தும் என்பதையும், அங்கே யாருடைய ஆய்வுக்கு இது நெருக்கமானது என்பதையும் நானே தேடிப் படித்து எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மூன்று சனிக்கிழமைகளில் ஐந்து வரைவுகள் எழுதினேன். கடைசி வரைவின் ஒவ்வொரு வரியும் என்னுடையது.

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய எழுத்து மாதிரிக்காக இளங்கலையில் எழுதிய பன்னிரண்டு பக்கக் கட்டுரையைக் கொண்டுபோனேன். தபசு மரம் (அர்ச்சுனன் தவம் செய்ய ஏறும் உயரமான கம்பம்), பிரசங்கம் (பாரதக் கதையைச் சொல்லி விளக்குவது), படுகளம் ஆகிய சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியிருந்ததை அவர் ஏற்கவில்லை. சொல்லை ஒலிபெயர்த்து வைத்து, முதல் முறை வரும்போது இரண்டு வரியில் விளக்கச் சொன்னார். அர்ச்சுனன் தபசின்போது மரத்தின் உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் காத்திருப்பதை நான் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். அதைக் கட்டுரையின் நடுவுக்கு இழுத்து வந்தவரும் அவரே. இப்படிப் படித்துச் சொல்பவர் எனக்குக் கல்லூரி நாள்களில் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆவண உதவியையும் சனிக்கிழமை வாசிப்பையும் தனித்தனியாகவே பணம் கட்டிப் பெறலாம். முழுத் தொகுப்பையும் எடுக்கும்படி சொன்னால் மறுத்துவிடுங்கள். பேராசிரியர் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார், ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவார். ஒரு பக்கமாவது சொந்தமாக எழுதிய வரைவு கையில் இருந்தால்தான் உட்காரச் சொல்வார்.