கார்பன் கூட்டுக்குள் மூன்று கார்கள்: 12சி, 4சி, ஐ3

கார்பன் ஃபைபர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கட்டம்கட்டமாகப் பளபளக்கும் அந்தக் கருப்பு நெசவுதான். பைக் டேங்கில் ஒட்டும் ஸ்டிக்கர் வரை அது வந்துவிட்டது. இங்கே பேசப்போவது அந்த அலங்காரத்தை அல்ல. பானெட்டையும் கூரையையும் மட்டும் கார்பனில் செய்த கார்களையும் அல்ல. ஆள் உட்காரும் கூடே கார்பனாக இருக்கும் கார்களை.

லாரியில் கீழே சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. மோனோகாக்கில் அந்தப் பிரிவு கிடையாது, கூடே பாரத்தைத் தாங்கும். தெருவில் ஓடும் சாதாரண கார்களிலும் இதே ஏற்பாடுதான், ஆனால் எஃகுத் தகட்டில். அதே கூட்டைக் கார்பனில் செய்தால் எடை வெகுவாகக் குறையும், முறுக்கினாலும் வளையாது. சிக்கல் என்னவென்றால், கார்பன் இழை வாழைநார் மாதிரி. நீளவாக்கில் இழுத்தால் அசையாது. குறுக்கே பிரித்தால் கையோடு வந்துவிடும். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து விசை வரும் என்று கணக்குப் போட்டு, துணியைத் திசை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கையால் அடுக்கும் ஆட்கூலிதான் இதன் உண்மையான விலை.

பந்தயத்தில் இதை முதலில் நிரூபித்தது மெக்லாரன். ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்பி4/1 கார், 1981-ல் ஃபார்முலா ஒன்னுக்குக் கார்பன் மோனோகாக்கைக் கொண்டுவந்தது. உடைந்தால் தூள் தூளாகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில், அந்தக் காரை ஓட்டிய ஜான் வாட்சன் மோதினார். எஞ்சின் தனியே பிய்ந்து போனது, அவர் இறங்கி நடந்து வந்தார். அதன்பின் அந்தப் பேச்சு அடங்கியது. 1990-களில் சாலைக்கு வந்த மெக்லாரன் எஃப்1 காரின் கார்பன் கூட்டுக்கு ஏறக்குறைய 3,000 மனித மணிநேரம் பிடித்தது என்பார்கள். மொத்தமே 106 கார்கள். அந்த வேகத்தில் போனால் கார்பன் கார் கோடீஸ்வரர்களின் கொட்டகையைத் தாண்டியிருக்காது.

அந்த 3,000 மணிநேரத்தை எப்படிக் குறைப்பது? மூன்று கம்பெனிகள் மூன்று வழிகளில் முயன்றன.

மெக்லாரனின் பதில் 2011-ல் வந்த 12சி. உலர்ந்த துணியை அச்சுக்குள் வைத்து மூடி, இழைகளைப் பிணைத்து இறுகும் ரெசின் என்ற பிசினை அழுத்தத்தோடு செலுத்தும் முறை அது. ஆஸ்திரியாவிலிருந்த கார்போ டெக் நிறுவனம் ஆள் உட்காரும் கூட்டை, 'மோனோசெல்' என்ற தொட்டியாக, ஒரே வார்ப்பில், நான்கு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தது. எடை 75 கிலோ. மூவாயிரம் மணிநேரம் எங்கே, நாலு மணி நேரம் எங்கே! இதன் அழகு கூரையில்லாத ஸ்பைடரில் தெரியும். எஃகுக் காரில் கூரையை வெட்டினால், அடியில் எங்கெங்கோ முட்டுக்கொடுக்க வேண்டும். 12சி ஸ்பைடரில் கூட்டுக்குக் கூடுதல் பலமே தேவைப்படவில்லை. ஏறிய 40 கிலோ சொச்சம் மடங்கும் கூரைக்கும் அதன் மோட்டாருக்கும்தான். ஆனால் விலை 2 லட்சம் டாலருக்கு மேல். செய்முறையை மலிவாக்கினார்கள், காரை அல்ல.

ஆல்ஃபா ரோமியோ 4சி (2013) எதிர்ப் பக்கமிருந்து வந்தது. கார் மலிவு, செய்முறை பழையது. ரெசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் துணி இதற்கு. இட்லி மாவு புளித்துவிடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது போல, அந்தத் துணி இறுகிவிடாமல் ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். எடுத்து, கையால் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற ராட்சத பிரஷர் குக்கரில் வேகவைப்பார்கள். தெற்கு இத்தாலியில் அட்லர் குழுமம் செய்த அந்தத் தொட்டி 65 கிலோ. ஐரோப்பிய மாடலின் எடை, திரவங்கள் எதுவும் ஊற்றாமல், 895 கிலோ. எஞ்சின் வெறும் 1,742 சிசி, 240 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.5 நொடியில் தொட அதுவே போதும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. அமெரிக்காவில் ஏறக்குறைய 54,000 டாலரில் தொடங்கியது. அந்த விலைக்கு ஆட்டோகிளேவ் கார்பன் என்பது இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸின் அலுமினியத் தொட்டி 68 கிலோ. பட்டைகளைப் பசை போட்டு ஒட்டியது, அவ்வளவுதான். விறைப்பில் கார்பன் மேல் என்பதை மறுக்கவில்லை. மூன்று கிலோவுக்காக இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றுகிறது. 4சி-யின் கதவைத் திறந்ததும் தெரியும் அந்தக் கருப்பு நெசவுக்காகவே பாதிப் பேர் வாங்கியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அப்புறம் பிஎம்டபிள்யூவின் மின்கார் ஐ3. அதே 2013. மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை வண்டி மாதிரி இருக்கும். டயர்கூட 155 மில்லிமீட்டர் அகலம்தான். ஆனால் மூன்றில் துணிச்சலானது இதுதான் என்பேன். வேகத்துக்காக அல்ல, பேட்டரிக்காகக் கார்பனைத் தேடியது. 230 கிலோ பேட்டரியை வைத்தாக வேண்டும். அந்த எடையை உடம்பில் குறைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. 22 கிலோவாட்மணி பேட்டரியோடு சேர்த்தே வண்டி 1,195 கிலோவில் நின்றது.

இதற்காக அவர்கள் கட்டிய சங்கிலியைப் பாருங்கள். மூலப்பொருள் ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் நெருங்கிய உறவு. அது ஜப்பானின் ஓட்டாகேயில் தயாராகி, அமெரிக்காவின் மோசஸ் லேக்குக்குப் போகும். காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் மட்டும் மிஞ்சும். இதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். பக்கத்திலேயே மலிவான நீர்மின்சாரம் இருந்ததால்தான் அந்த ஊர். அங்கிருந்து ஜெர்மனியின் வாக்கர்ஸ்டார்ஃபில் துணி, லைப்சிக்கில் கார். விமானத்துக்கு வாங்கும் நேர்த்தியான இழையை விட்டு, ஒரு கட்டுக்கு 50,000 இழை கொண்ட தடித்த ரகத்தை எடுத்தார்கள், மலிவு என்பதால். ஒவ்வொரு பாகமும் ரெசின் ஏறிச் சில நிமிடங்களில் இறுகிவிடும். அப்படி 150 பாகங்களை ரோபோக்கள் பசையால் ஒட்டும்.

இது மோனோகாக்கே இல்லை, அலுமினியச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த கூடுதானே என்று வாதாடுபவர்கள் உண்டு. சரி, மற்ற இரண்டிலும் எஞ்சினைத் தாங்குவது அலுமினியம்தான். அந்த அளவுகோலை வைத்தால் மூன்றுமே கொஞ்சம் தோற்கும்.

பழுது என்று வந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரே வார்ப்பான தொட்டி பலமாக அடிபட்டால் நிபுணரிடம் போக வேண்டும், சில நேரம் முழுத் தொட்டியே மாறும். ஐ3-யில் கதவுக்கடிப் பகுதியை எங்கே அறுக்கலாம், எங்கே புதிய துண்டை ஒட்டலாம் என்று பிஎம்டபிள்யூ முன்பே வரையறுத்து வைத்தது. தினசரி வண்டிக்கு முட்டல் மோதல் வரும் என்று முதலிலேயே யோசித்திருக்கிறார்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று? மெக்லாரன் அதே வழியில் தொடர்கிறது. இப்போது தொட்டிகளை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பக்கம் சொந்த ஆலையிலேயே செய்கிறது. 4சி 2020-ல் முடிந்தது. ஐ3 2,50,000 வண்டிகளைத் தொட்டு 2022-ல் நின்றது. பிஎம்டபிள்யூவின் அடுத்த மின்கார்களில் கார்பன் அங்கங்கே துண்டு துண்டாக மட்டும் வருகிறது, முழுக்கூடு திரும்பவில்லை. காரணம் புரியாததல்ல. ஐ3 இருந்த காலத்திலேயே பேட்டரி 22-லிருந்து 33, பிறகு 42 கிலோவாட்மணி என்று ஏறியது, பெட்டியின் அளவு மாறாமலேயே. செல்கள் இப்படித் தானாகவே முன்னேறும்போது, எடையைக் குறைக்க மூன்று கண்டங்களைச் சுற்றிக் கார்பன் கொண்டுவர எந்தக் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடுவார்?

பழைய ஐ3 எங்காவது நின்றால் கதவைத் திறந்து கீழே பாருங்கள். வார்னிஷ் பளபளப்பு எதுவும் இல்லாமல், திசை மாறிக் கிடக்கும் இழைகள் அப்படியே தெரியும். கூரையில் இருப்பது, துணி வெட்டியபோது மிஞ்சிய துண்டுகளிலிருந்து மறுபடி எடுத்த கார்பன்.