பிள்ளைகளின் குழுப்பேச்சை மென்பொருள் வாசித்த மூன்று வருடம்

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியில் உயர்தர (A/L) வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளில் பலர் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அதனால் குழுவேலையை மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தில் எழுத்தில் நடத்துகிறோம். அந்தக் கலந்துரையாடலை அலசும் மென்பொருள் ஒன்றை 2022இல் அதோடு இணைத்தேன்.

யார் யாருக்குப் பதில் எழுதினார் என்று அது வலைப்படம் வரையும். ஆள் ஒரு புள்ளி, பதில் ஒரு கோடு. இந்தப் படத்துக்காகவே அதை வைத்திருக்கலாம். அதிகம் எழுதிய குழுவைத்தான் நல்ல குழு என்று நான் நம்பியிருந்தேன். படத்தில் பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே பையனிடம் போகிறது; மற்றவர்கள் அவனுக்கு ‘ஓம்’ (ஆமாம்) போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த கிழமையே கேள்வி கேட்பவர், மறுத்துப் பேசுபவர், தொகுப்பவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். கோடுகள் பரவத் தொடங்கின.

சிக்கல் வகைப்படுத்துவதில். கல்வி ஆய்வாளர்கள் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் குழுவாகச் சிந்திப்பதற்குச் சொன்ன தூண்டுதல், தேடல், இணைத்தல், தீர்வு என்ற நான்கு படிகளில் ஒவ்வொரு பதிவையும் அது போடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டினால் வாவி இறாலுக்கு என்ன நடக்கும் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுதினாள்: “வெள்ளம் கடலுக்குப் போகும். மறுகா கடல் தண்ணி உள்ளுக்கு வரும், உப்புக் கூடும், குஞ்சு இறாலும் அதோட வரும்தானே.” மூன்று விசயத்தைக் கோர்த்த அருமையான பதில். மென்பொருள் அதை வெறும் அரட்டை என்று ஒதுக்கிவிட்டது.

அதற்கு ‘மறுகா’ (பிறகு) என்ற எங்கள் ஊர்ச்சொல் தெரியாது. ‘ஏனென்றால்’, ‘ஆகவே’ மாதிரித் தனிச்சொல்லைத் தேடுகிறது. நமக்கோ காரணம் ‘வெட்டினதால’ என்று சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். உப்பு, உப்பால, உப்புத்தன்மை மூன்றையும் வேறு வேறு சொல்லாக எண்ணுகிறது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதல் தவணையில் அந்த வகையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் புள்ளி (மதிப்பெண்) போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை “ஏன் சேர் எனக்குக் குறைவு?” என்று கேட்டபிறகுதான் பதிவுகளைத் திரும்ப வாசித்தேன். இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. புள்ளியைத் திருத்தினேன். அப்புறம் நானும் சக ஆசிரியை ஒருவரும் ஒரு தவணைப் பதிவுகளைத் தனித்தனியே வகைபிரித்து, ஜேக்கப் கோகன் 1960இல் தந்த கப்பா அளவால் ஒப்பிட்டோம். தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்லும் அளவு அது. எங்கள் இருவருக்கும் நன்றாகப் பொருந்தியது, மென்பொருளோடு பொருந்தவில்லை. அன்றோடு வகைப்படுத்தலை நிறுத்திவிட்டேன்.

படத்தை மட்டும் ஞாயிறு இரவில் பார்க்கிறேன். எதை அலசுகிறேன் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முதலே சொல்லிவிடுவேன். படத்தில் கோடில்லாமல் தனித்து நிற்கும் பிள்ளைக்கு அடுத்த நாள் நானே போன் எடுப்பேன். போன கிழமை அப்படி எடுத்தபோது, சிக்னல் குறைவால் தளம் திறக்காததால் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பியதாக ஒரு பையன் சொன்னான். குரலை மென்பொருள் எண்ணாது. இப்போது அவன் குழுவில் ஒருத்தி அதைக் கேட்டு, அவன் பெயரிலேயே எழுதிப் போடுகிறாள்.