அவுட்டர் வைல்ட்ஸ்: சுவரெழுத்தைப் படித்தே முன்னேறும் ஒரு விண்வெளி கேம்

முடித்துப் பல மாதம் ஆகியும் என் லெப்டொப்பிலிருந்து நான் அழிக்காத கேம் அவுட்டர் வைல்ட்ஸ். 2019இல் வந்தது, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. 8 ஜிபி இடம் போதும் என்பதால் மஸ்கெலியாவில் போன் டேட்டாவிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

நோமாய் என்ற இனம் எப்போதோ அழிந்துவிட்டது. அவர்கள் கட்டிய ஊர்களும் ஆய்வுக்கூடங்களும் கிரகம் கிரகமாகக் கிடக்கின்றன. நாம் ஒரு விண்வெளிப் பயணி; நம் கையில் அவர்கள் சுவர்களில் எழுதியதைப் படிக்க ஒரு மொழிபெயர்ப்புக் கருவி, படம் எடுத்து அனுப்பும் சின்ன ஸ்கவுட், தூரத்துச் சத்தத்தைப் பிடிக்கும் சிக்னல்ஸ்கோப். துப்பாக்கி கிடையாது. 22 நிமிஷத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி தொடங்கிய இடத்திலேயே கண் விழிப்போம். கண்டுபிடித்த விஷயங்கள் மட்டும் கப்பலின் பதிவேட்டில் அப்படியே இருக்கும். லெவல் ஏறுவது, புதுச் சாமான் வாங்குவது எதுவும் இல்லை. நமக்கு என்ன தெரியும் என்பதுதான் இங்கே பலம்.

என்னை ஆட்டிப் படைத்தது எம்பர் ட்வின் என்ற கிரகம். பக்கத்துக் கிரகத்திலிருந்து மணல் கொட்டி, நிமிஷத்துக்கு நிமிஷம் குகைகள் மூடிக்கொண்டே வரும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது, அதற்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலைப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும், பிந்தினால் மூழ்கிவிடும். அங்கே ஒரு குகையில் பெரிய மீன் ஒன்றின் எலும்புக்கூடு இருக்கிறது. பக்கத்தில் நோமாய்ப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டின் விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் ஆகவேண்டும், மற்றவர்கள் சத்தம் போடாமல் அவரைக் கடந்து போகவேண்டும். எழுத்து சுருள் சுருளாக இருக்கும். ஒருவர் எழுதியதிலிருந்து மற்றவரின் பதில் கிளை பிரியும். பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள். டார்க் பிராம்பிள் என்ற ஆபத்தான இடத்துக்குள் நுழையும்போது உயிரைக் காப்பாற்றுவது இந்த விதிகள்தான்.

குறைகளும் இருக்கின்றன. விசைப்பலகையில் கப்பல் ஓட்டுவது பெரும் பாடு, கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் நல்லது. சிலருக்குத் தலை சுற்றும். தமிழ் இல்லை; ஆனால் ஆங்கிலம் பேச்சுநடையில்தான் இருக்கிறது, ஓ.எல். படிக்கிற பிள்ளைகளுக்குச் சிரமம் வராது. கரன்ட் அடிக்கடி போகிற மழைக்காலத்தில் 22 நிமிஷச் சுற்று ரொம்ப வசதி. ஜயன்ட்ஸ் டீப் என்ற கிரகத்தில் இருக்கும் காப்ரோ என்ற சக பயணியிடம் தியானம் செய்யக் கற்றுக்கொண்டால், சரிவராத சுற்றை உடனே முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

தயவு செய்து யூடியூபில் தேடாதீர்கள். விடை தெரிந்துவிட்டால் விளையாட ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பதிலாக இரண்டு பேராக உட்காருங்கள். நான் ஓட்ட, தங்கச்சி பதிவேட்டைப் பார்த்து “இங்கே இன்னும் பாக்கி இருக்கு அண்ணா” என்று சொல்வாள். பாதி முடிச்சுகளை அவிழ்த்தது அவள்தான்.

2021இல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ என்ற கூடுதல் பகுதியைத் தனியாக வாங்கவேண்டும். அங்கே மொழிபெயர்ப்புக் கருவி உதவாது, சிலைடுப் படச்சுருள்களைப் பார்த்தே கதையைப் பிடிக்கவேண்டும். எனக்கு அது இன்னும் பிடித்தது. இருட்டும் பயமும் அதிகம், ஆனால் செட்டிங்ஸில் அதைக் குறைக்க வழி இருக்கிறது. தங்கச்சி அந்த செட்டிங்கைப் போட்டுத்தான் முடித்தாள்.