ஜன்னலில் போன், மேசையில் லேப்டாப்: வைஃபையா, கேபிளா, ப்ளூடூத்தா?

"அண்ணா, ஹாட்ஸ்பாட் கனெக்ட் ஆகுது, ஆனா நெட் வரல."

கீழ் வீட்டுப் பையன் லேப்டாப்பை ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து அரவேணுவில் தூறல் பிடித்து மூன்றாவது நாள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். என்னிடம் வருவதற்கு முன்பே வீடியோக்களைப் பார்த்து நெட்வொர்க் ரீசெட் வரை எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தான். ஹாட்ஸ்பாட் சரியாகவில்லை. ஹாஸ்டல் வைஃபை பாஸ்வேர்டு அழிந்துபோனதுதான் மிச்சம்.

போனில் வாட்ஸ்அப் போகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் போகுதுண்ணா, போன்ல பிரச்சினையே இல்ல" என்றான். சரி, போனில் இதுவரை திறக்காத ஒரு செய்தித் தளத்தைத் திற என்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. நம் ஊர் தினசரி பிளான்களில் பலவும் ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோ முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பதில்லை; வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும். கணக்குப் போட்டால் நொடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டியா' என்று அனுப்ப அது தாராளம். இரண்டு எம்பி உள்ள ஒரு வலைப்பக்கம் லேப்டாப்பில் முழுதாக வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிரவுசர் கையை விரித்துவிடும், விண்டோஸும் 'நோ இன்டர்நெட்' என்று எழுதிவிடும். போன் நன்றாக இருக்கிறது, லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம்.

'5ஜி அளவில்லாமல்' என்று தரும் பிளான்களில் இதே தொல்லை மலை ஊர்களில் இன்னொரு விதமாக வரும். டவுனில் 5ஜி காட்டும்போது எவ்வளவு இழுத்தாலும் கோட்டாவில் கழியாது. வளைவு திரும்பி வீட்டுக்கு வந்ததும் போன் 4ஜிக்கு இறங்கும். அங்கே ஓடுவது தினசரிக் கோட்டா. அது தெரியாமல் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் காலைக் காபிக்குள் கோட்டா காலி. பையனுக்கு நடந்தது அதுதான்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், நெட் வராதபோது முதலில் தெரிய வேண்டியது சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பது. டவரிலிருந்து போன் வரை ஒரு கண்ணி, போனிலிருந்து லேப்டாப் வரை ஒன்று, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொன்று. போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொண்டுபோக மூன்று வழி இருக்கிறது: வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி கேபிள், ப்ளூடூத். எது வேகம் என்பதை வைத்தே இவற்றை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எது கோளாறைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், எது நம் வீட்டு அமைப்புக்கு ஒத்துவரும் என்ற இரண்டும்தான். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வராது, அதுதான் சிக்கல்.

துப்புத் துலக்க கேபிள்

கோளாறு கண்டுபிடிக்க கேபிளை மிஞ்ச எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், லேப்டாப் அதைப் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு வந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்தப் 'புதிதாக' என்பதில்தான் விஷயம். உங்கள் வைஃபை கார்டில் எப்போதோ யாரோ கையால் போட்டுவைத்த ஐபி முகவரி, பழைய டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் சேவை), பழுதான டிரைவர் எதுவும் இந்தப் புதுக் கார்டைத் தொடாது. அதனால் வைஃபையில் வராத நெட் கேபிளில் வந்தால், சிம், டவர், கோட்டா எல்லாம் சுத்தம். குற்றவாளி வைஃபை பக்கம் இருக்கிறான். கேபிளிலும் வரவில்லை என்றால் போன் பக்கம் திரும்புங்கள், அல்லது லேப்டாப் முழுவதற்கும் பொதுவான விபிஎன், ப்ராக்ஸி இரண்டையும் பாருங்கள்; இரண்டுமே நெட்டை இடையில் வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுபவை. கல்லூரி லேபிலோ ஆபீஸிலோ போட்ட ப்ராக்ஸி அப்படியே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது சகஜம். விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்று தேடினால் கிடைக்கும், அணைத்துவிடலாம்.

கேபிளில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிள்கள். பவர்பேங்குடன் இலவசமாக வருபவற்றில் பலவற்றுக்குள் டேட்டாக் கம்பியே இருக்காது. போன் சார்ஜ் ஏறும், டெதரிங் பட்டன் மட்டும் மங்கலாகவே இருக்கும். உடனே போனைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். இரண்டாவது, ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள்: பல ஆண்ட்ராய்டு போன்கள் யூஎஸ்பியில் பேசும் ஆர்என்டிஐஎஸ் என்ற முறை மேக்குக்குத் தானாகப் புரியாது. ஐபோனை விண்டோஸில் செருகுகிறவர்களுக்கு ஆப்பிள் டிரைவர் வேண்டும். ஐடியூன்ஸ் போட்டால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

குடியிருக்க வைஃபை

அப்படியென்றால் எப்போதும் கேபிளிலேயே இருந்துவிடலாமே? சமவெளியில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

என் வீடு தகர ஷீட் கூரை, கீழே பழைய கருங்கல் சுவர். உலோகக் கூரையும் ஈரம் ஊறிய கல்லும் சிக்னலுக்கு ஆகவே ஆகாது. வீட்டில் உருப்படியாக சிக்னல் வரும் இடம் ஒன்றுதான்: மேட்டுப்பாளையம் பக்கம் பார்த்த சமையலறை ஜன்னல். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. பலகை இடுக்கில் பனிக்காற்று ஊசியாக இறங்கும். மேசையும் பிளக் பாயின்ட்டும் உள் அறையில். ஆக, போன் சிக்னல் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், லேப்டாப் ஆள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கேபிள் இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும். மலை வீடுகளில் வைஃபை ஜெயிப்பது இங்கேதான், வேகத்தால் அல்ல.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் 'அபவுட் போன்' பகுதியில் சிம் நிலவரம் என்று போனால் பல போன்களில் சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும். எண் மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நோக்கி வரவர நல்லது. 4ஜியில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் கஷ்ட ஜீவனம். என் மேசையில் மைனஸ் 116, ஜன்னலில் மைனஸ் 97. இந்த வித்தியாசத்தை எந்த ரீசெட்டும் தராது.

அடுத்தது 2.4-ஆ 5-ஆ. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் என்று இரண்டு தெரிவு இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவர் ஏறாது. 2.4 வேகம் குறைவு, சுவரைத் தாண்டிப் போகும். மலையில் டவரிலிருந்து வருவதே பத்துப் பதினைந்து எம்பிபிஎஸ்தான் என்னும்போது 5-இன் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு 2.4 போடுங்கள். ஐபோனில் இதே வேலையை 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' பட்டன் செய்கிறது. பழைய லேப்டாப் ஹாட்ஸ்பாட் பெயரையே காட்டவில்லை என்றாலும் அதற்கு 5 தெரியாமல் இருக்கலாம், மருந்து இதேதான். பெயர் தெரிந்தும் சேர மறுத்தால் பாதுகாப்பை டபிள்யூபிஏ3-இலிருந்து 2-க்கு இறக்கிப் பாருங்கள்.

கனெக்டட், ஆனால் நெட் இல்லை: எந்த வைத்தியம் முதலில்?

வைத்தியங்களுக்குள்ளும் போட்டி உண்டு. ஏரோப்ளேன் மோடை பத்து நொடி போட்டு எடுப்பது ஒருபுறம், டிஎன்எஸ் மாற்றுவது இன்னொருபுறம், எல்லாவற்றையும் துடைத்துப்போடும் நெட்வொர்க் ரீசெட் கடைசியில். என் ஓட்டு ஏரோப்ளேன் மோடுக்கு. போன் டவரை விட்டுவிட்டு மறுபடி புதிதாகத் தேடிப் பிடிக்கும். மலையில் போன் எங்கோ தூரத்து டவரை மெலிதாகப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று தொங்குவதுண்டு. அதற்கு இந்த உதறல் போதும். 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தாவும் வீடுகளில் நெட்வொர்க் வகையை 4ஜியோடு நிறுத்திவைப்பதும் நல்ல மருந்துதான். ஆனால் அளவில்லா 5ஜியை அதோடு இழக்கிறீர்கள், தெரிந்து செய்யுங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் முகவரி வரும். அது 169.254 என்று தொடங்கினால் போன் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை. லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள், லேப்டாப்பில் அந்த இணைப்பை 'ஃபர்கெட்' செய்து மறுபடி சேருங்கள். 192.168 என்றோ, ஐபோனாக இருந்தால் 172.20.10 என்றோ தொடங்கினால் கைகுலுக்கல் முடிந்துவிட்டது. இனி அதே இடத்தில் ping 8.8.8.8 என்று அடித்து பிங் செய்யுங்கள், அதாவது கூகுளின் அந்த முகவரியிடம் 'இருக்கிறாயா' என்று கேளுங்கள். பதில் வந்து, ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்தால் மட்டும் வரவில்லை என்றால், அது டிஎன்எஸ். பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஆள் லீவில் இருக்கிறார் என்று அர்த்தம். வைஃபை அடாப்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் போட்டால் உயிர் வரும்.

டிஎன்எஸ் மாற்றத்துக்கு ஒரு பின்விளைவு இருக்கிறது. அதை அப்படியே மறந்துவிட்டு ஊட்டியில் ஏதாவது லாட்ஜ் வைஃபையில் சேர்ந்தால், ரூம் நம்பர் கேட்கும் அந்த லாகின் பக்கம் திறக்காமல் போகலாம். நான் ஒரு தடவை அதில் மாட்டி, ரிசப்ஷனில் தேவையில்லாமல் சண்டை போட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் தானியங்கிக்கே திருப்பிவிடுங்கள்.

பிங் எல்லாம் போகிறது, பிரவுசர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் முன்னே சொன்ன ப்ராக்ஸி, அல்லது லேப்டாப் தேதி. உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்த பழைய லேப்டாப் வருடத்தையே தப்பாக வைத்துக்கொண்டு எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று விரட்டும். போனிலும் இரண்டு இடம் பார்க்கலாம்: டேட்டா சேவர் போட்டிருந்தால் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை விடாது, போனில் விபிஎன் ஓடினால் அணைத்துப் பாருங்கள். நெட்வொர்க் ரீசெட் இத்தனைக்கும் பிறகுதான். அது சேமித்துவைத்த எல்லா வைஃபையையும் விபிஎன்னையும் கொண்டுபோய்விடும், கீழ் வீட்டுப் பையனைக் கேளுங்கள்.

சீசன் கூட்டத்துக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் சனி ஞாயிறுகளில் சிக்னல் முழுசாக இருக்கும், நெட் நகராது. டவர் ஒன்றுதான், பங்குக்கு வந்தவர்கள் ஆயிரம். அன்றைக்கு மீட்டிங்கை விடிகாலைக்குத் தள்ளிவையுங்கள்.

கரண்ட் போன நாளுக்கு ப்ளூடூத்

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏட்டளவில் 3 எம்பிபிஎஸ்ஸே அதன் உச்சம். கைக்கு வருவது அதிலும் குறைவு. வீடியோ மீட்டிங் வேண்டாம், மெயிலும் படிவமும் போகும். விண்டோஸில் அதைச் சேர்க்கும் இடமும் ஒளித்து வைத்தது போல இருக்கும். ஆனால் ஹாட்ஸ்பாட் போனைச் சூடாக்கிச் சார்ஜை உறிஞ்சும் அளவுக்கு இது உறிஞ்சாது.

எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஒரு நாள் முழுக்க இருட்டு. அந்த நாளில் கேபிளும் ப்ளூடூத்தும் நேருக்கு நேர் மோதும். கேபிள் லேப்டாப் சார்ஜைப் போனுக்குக் கொடுக்கும், ப்ளூடூத் இரண்டையும் சிக்கனமாக வைத்திருக்கும். 5000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட்-அவர். சாதாரண லேப்டாப்பில் 40, 50 இருக்கும். லேப்டாப் சார்ஜ் நிறைய இருந்தால் நான் கேபிளுக்கே போவேன், குளிரைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து. பாதிக்குக் கீழே போய்விட்டால் ப்ளூடூத்.

தினமும் எட்டு மணி நேரம் நெட்டை நம்பிச் சம்பாதிப்பவர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். வெளி ஆன்டெனா செருக இடமுள்ள ஒரு 4ஜி ரவுட்டரில் தனி சிம் போட்டு ஜன்னலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஓயாமல் சூடேறி போன் பேட்டரி உப்பிப்போகும் பயமும் இருக்காது.

பையனுக்கு அன்று நான் செய்தது ஒன்றே ஒன்று. அவன் லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டேன், இனி விண்டோஸ் அப்டேட் அவ்வளவு தைரியமாக இழுக்காது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கோட்டா புதுப்பிக்கும், அதற்கு முன் எதையும் நோண்டாதே என்று சொல்லி, சோதித்துப் பார்க்க என் கேபிளையும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை, "வந்துடுச்சுண்ணா, கேபிள்ல சூப்பரா போகுது" என்று மெசேஜ். அவன் வீட்டில் மேசையே ஜன்னலோரம்தான்.

டேட்டா போகிற கேபிள் என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. லீவு முடிந்து கோவைக்குப் போகும்போது அவனோடு அதுவும் போய்விட்டது. இதை எழுதும்போது என் போன் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, 2.4-இல்.