பெட்டியைத் திறந்து காட்டாத கடையில் .22 தோட்டா வாங்காதீர்கள்

ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ .22 துப்பாக்கியை லைசென்ஸில் வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் அப்படி வைத்திருப்பவர்கள் குறைவு. குறைவாக இருப்பதாலேயே விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை, கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு என்று ஆகிவிடுகிறது. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை.

ரைபிள் எங்கள் ஐயா வாங்கியது. அப்பச்சி பெயருக்கு வந்து, அப்புறம் முறைப்படி என் பெயருக்கு மாறியது. வேட்டையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. கிளப் ரேஞ்சில் காகித இலக்கைச் சுடுவதற்கு மட்டும்தான் நான் அதை வெளியே எடுக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியைத் தேர்தல் முடிந்து திரும்ப வாங்கியபோது கையில் தோட்டா இல்லை. அயித்தானைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னேன். “.22 எல்.ஆர்., 40 கிரெய்ன், உருண்டை மூக்கு, செம்பு பூசியது, ஹை வெலாசிட்டி. செமி ஆட்டோவுக்கு.” (எல்.ஆர். என்பது லாங் ரைபிள் என்ற தோட்டா வகை, கிரெய்ன் குண்டின் எடை அளவு, ஹை வெலாசிட்டி என்றால் வேகம் கூடியது.) கடைக்காரர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். வெளிநாட்டுச் சரக்கு, மேலே நான் கேட்டது எல்லாம் அச்சாகியிருந்தது. “அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க. மெஷின் மாதிரி ஓடும்” என்றார். ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று அயித்தான் கேட்டார். “சீலை உடைச்சா அப்புறம் நான் யார்கிட்ட விற்கிறது? அப்படியே பார்த்தாலும் எல்லா .22-ம் ஒண்ணுதாண்ணே.” விலை, நம் நாட்டுத் தோட்டாவைவிடப் பல மடங்கு. பில்லில் “.22 கார்ட்ரிட்ஜ் 100” என்று மட்டும் எழுதினார். கம்பெனி பெயரையும், எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் நம்பரையும் எழுதச் சொன்னதற்கு, அந்தப் பழக்கம் இல்லை என்றார். லைசென்ஸ் புத்தகத்தில் மட்டும் 100 என்று பதிந்து முத்திரை குத்திவிட்டார்.

அந்த முத்திரையில்தான் நஷ்டமே இருக்கிறது. என் லைசென்ஸில் ஒரே சமயத்தில் 100, வருஷத்துக்கு 200 என்று போட்டிருக்கிறது. மளிகைக் கடையில் புழு அரிசி கொடுத்தால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். இங்கே கெட்ட தோட்டா வாங்கினால் காசோடு சேர்த்து அந்த வருஷத்து அளவில் பாதியும் போய்விடுகிறது.

ரேஞ்சில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதே அறிகுறி உங்களுக்கு வந்தால் அடையாளம் தெரியும். முதல் தோட்டா வெடித்தது. காலி உறை வெளியே விழாமல், உறை வெளியேறும் வாயிலேயே செங்குத்தாக நட்டுக்கொண்டது, அதன்மேல் போல்ட் (முன்னும் பின்னும் ஓடி அறையை மூடும் இரும்பு) வந்து மூடிப் பிடித்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டுச் சுட்டால், அடுத்த தோட்டா, தோட்டா அடுக்கும் மேகசினிலிருந்து ஏறும்போது மூக்கைக் கீழே குத்தி, அறைக்கு ஏற்றிவிடும் சரிவில் முட்டி நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஈயம் ஒரு பக்கம் நகத்தால் கீறினது போலச் சீவப்பட்டிருந்தது. சில தோட்டாக்கள் அடித்தும் வெடிக்கவில்லை. இடையில் ஒன்று, வழக்கமான ‘பட்’ இல்லாமல் ‘பொத்’ என்று அமுங்கின சத்தத்தோடு போனது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற கோச் “நிறுத்து!” என்று கத்தினார். வெடிமருந்து சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அதற்குப் பின்னால் அடுத்த தோட்டாவை வெடிப்பது குழலைப் பிளந்துவிடக்கூடும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். நல்லவேளை, குண்டு வெளியேறியிருந்தது. செமி ஆட்டோவில் விரல் வேகமாகப் போகும். அதனால் இந்தச் சத்தத்தைக் காது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெடிக்காத தோட்டாவையும் உடனே வெளியே இழுக்கக் கூடாது. முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும், சில சமயம் தாமதமாக வெடிக்கும்.

மிச்சத்தை மேஜையில் கொட்டினோம். .22-ன் அடியில், ரிம் என்ற விளிம்புக்கு நடுவே, செய்தவரின் எழுத்து குத்தியிருக்கும். சிசிஐ கம்பெனி என்றால் ‘சி’, ஃபெடரல் கம்பெனி என்றால் ‘எஃப்’. ஒரே பெட்டிக்குள் இரண்டு வேறு முத்திரைகள் இருந்தன, இரண்டும் பெட்டியில் போட்டிருந்த கம்பெனியுடையவை இல்லை. பாதிக் குண்டுகளில் செம்புப் பூச்சே கிடையாது. வெறும் ஈயம், அதன்மேல் திருநீறு பூசினது போல வெள்ளை. பல காலம் ஈரக் காற்றில் கிடந்த ஈயத்தில் படியும் வெள்ளை அது. கோச் ஒரு தோட்டாவை எடுத்து இரண்டு விரலால் குண்டைத் திருகினார், அது உறைக்குள் சுழன்றது. காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்தால் ஒன்றுக்கொன்று நீளம் ஒத்துவரவில்லை. .22 எல்.ஆர். தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 25.4 மில்லிமீட்டர், மேகசினும் அதற்குத் தக்கபடிதான் செய்யப்பட்டிருக்கும். பழைய உதிரிச் சரக்கை நல்ல பெட்டியில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. “ரைபிள் பழசுண்ணே, ஸ்பிரிங் போயிருக்கும். நம்ம மெக்கானிக்கிட்ட விடுங்க, மேகசின் உதட்டை வளைச்சு, சரிவை ராவி விட்டா சரியாப் போயிடும்” என்று அதற்கும் ஒரு தொகை சொன்னார். இதைத்தான் நான் முக்கியமான எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். முதலில் விற்றது கெட்ட தோட்டா. அதை மறைக்க, நன்றாக இருக்கும் துப்பாக்கியின் மேல் அரத்தை வைக்கப் பார்த்தார். ராவின இரும்பு திரும்ப வராது. அன்றைக்கே ரேஞ்சில் கோச் என் ரைபிளில், என் மேகசினிலேயே, கிளப் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டுப் பார்த்திருந்தார். ஒரு தடங்கல்கூட இல்லை. அதனால் துப்பாக்கியைக் கடையில் விடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால், வேறொரு நல்ல தோட்டாவைப் போட்டுப் பார்க்கும்வரை எதையும் ராவவோ வளைக்கவோ விடாதீர்கள்.

‘எல்லா .22-ம் ஒண்ணுதான்’ என்பது ஏன் பொய் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டு மூடும் போல்ட் ஆக்‌ஷனில் தோட்டாவைக் கொண்டுபோவது நம் கை. செமி ஆட்டோவில் அந்த வேலையைத் தோட்டாவின் வெடிப்பே செய்தாக வேண்டும். .22 செமி ஆட்டோ பெரும்பாலும் புளோபேக் வகை. வெடிப்பின் அழுத்தம் காலி உறையைப் பின்னால் தள்ளும், உறை கனமான போல்ட்டைத் தள்ளும். போல்ட் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு முழுதாகப் பின்னால் போனால்தான் உறை வெளியே விழும், அடிக்கும் சுத்தியல் ஏறும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் கொண்டுபோகும். அழுத்தம் போதாவிட்டால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். உறை வாயில் நட்டுக்கொள்வதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

சிசிஐ மினி-மேக் என்ற ஹை வெலாசிட்டித் தோட்டாவில் 40 கிரெய்ன் குண்டு, அதாவது 2.6 கிராம், விநாடிக்கு 1235 அடி வேகம். அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1070 அடி. சத்தம் குறைவாக வரவேண்டும் என்று செய்த ‘குவையட்’ வகை 710 அடிதான். அது கையால் இயக்கும் துப்பாக்கிக்கு உரியது, பெரும்பாலான செமி ஆட்டோவில் போல்ட்டை முழுதாகத் தள்ளாது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி பல துப்பாக்கிகளில் அழகாக ஓடும், ஸ்பிரிங் கடினமாக இருக்கும் சிலதில் திணறும். வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஸ்டிங்கர் என்று 32 கிரெய்ன், 1640 அடி வேகத் தோட்டா ஒன்று இருக்கிறது. அதன் உறையே சாதாரண எல்.ஆர். உறையைவிட நீளம், போட்டிக்கென்று அளவை இறுக்கிச் செய்த மேட்ச் அறை உள்ள துப்பாக்கியில் அதைப் போடக் கூடாது.

மூக்கின் வடிவமும் அப்படித்தான். .22 குண்டு வெளியில் தெரியும் மென்மையான ஈயம், ஏறும் வழியில் எதில் பட்டாலும் கீறிக்கொள்ளும். உருண்டை மூக்கு சரிவில் வழுக்கிக்கொண்டு ஏறும். தட்டை மூக்கும் குழிமூக்கும் சில துப்பாக்கியில் முட்டி நிற்கும். செம்புப் பூச்சு இருந்தால் வழுக்கவும் செய்யும், மெழுகும் ஈயத்தூளும் படிவதும் குறையும். வெறும் ஈயக் குண்டின் மேல் பூசின மெழுகு நம் ஊர் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் இளகி, தூசியைப் பிடித்துக்கொண்டு, மேகசின் உதட்டில் கருப்பாக அப்பிக்கொள்கிறது. மேகசினைத் துடைத்து உலர்வாக வைத்திருங்கள், உள்ளே எண்ணெய் விட வேண்டாம். போட்டிக்குப் போகிறவர்கள் சர்வதேச விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான பொருளில் செய்த குண்டுதான் அங்கே அனுமதி.

மேகசினில் அடுக்குவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டாவின் ரிம்மும் கீழே இருக்கும் தோட்டாவின் ரிம்முக்கு முன்பக்கம் அமர வேண்டும். மேலே உள்ளது பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கும். இதைச் சரிபார்த்த பிறகும் ஜாம் ஆனால்தான் தோட்டாவைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆக, கடையில் நின்று என்ன செய்வது? ஒரே ஒரு 50 பெட்டி வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்டு, எல்லா மேகசினிலும் போட்டுப் பார்த்து, ஓடினால் அதே லாட் நம்பரில் மிச்சத்தை வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கும் லைசென்ஸில் முத்திரை விழுவதற்கும் முன்னால் பெட்டியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். அடி எழுத்து ஒன்றாக இருக்கிறதா, குண்டு ஆடுகிறதா, வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. திறக்க மாட்டேன் என்கிற கடையில் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் கம்பெனி, வகை, லாட் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். உங்களை ‘அண்ணே’ என்றோ, பெண் பிள்ளையோடு வந்த தாயை ‘ஆச்சி’ என்றோ எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் சுட்டார். அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் துப்பாக்கி சுடுதலுக்கு வருவது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஏர் ரைபிளில் தொடங்கி, அப்புறம் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கும் இதே மேகசின், இதே தோட்டாப் பிரச்சினை வரும். தோட்டா திணறினால் அந்தப் பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அழும். முதலில் தோட்டாவைச் சோதித்துப் பாருங்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். கடைக்காரர் விற்பனைப் பதிவேடு வைத்திருந்தாக வேண்டும், எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை அங்கே கேட்கட்டும். பெட்டி, பில், முத்திரை தெரியும்படி எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

சுடாத மிச்சத் தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் பூட்டி, ‘சுடக் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மனு முடியும்வரை அவை சான்று, முடிந்ததும் எழுத்து மூலமாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வேன். உங்களிடமும் இப்படிப்பட்ட தோட்டா இருந்தால் கண்மாயிலோ குப்பையிலோ போடாதீர்கள், அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். கணக்கில் வந்த தோட்டா கணக்கோடுதான் வெளியே போக வேண்டும்.